வயிற்றுப்போக்குக்கு எதைக் குடிக்கக் கொடுப்பது: பொட்டலமா, உப்புக் கஞ்சியா, இளநீரா, டிரிப்பா?

கோடையில் கிணறுகளின் மட்டம் இறங்கும்போதும் ஐப்பசி மழையில் குழாய்த் தண்ணீர் கலங்கி வரும்போதும் கொங்கு நாட்டு வாசகர்களிடமிருந்து ஒரே கேள்வி பல உருவில் வருகிறது. பொள்ளாச்சிப் பக்கத்துத் தோப்புக்காரர், “குலை குலையாக இளநீர் இருக்கும்போது மருந்துக்கடைப் பொட்டலம் எதற்கு?” என்கிறார். திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போகும் தாய், “பிள்ளைக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டால் நாளைக்கே தெளிந்துவிடுவான் அல்லவா?” என்று கேட்கிறார். கோபிச்செட்டிபாளையத்துப் பெரியவர் ஒருவருக்கு, தம் காலத்து உப்புக் கஞ்சியை இன்றைய பிள்ளைகள் மறந்துவிட்டார்களே என்ற வருத்தம்.

மூன்று கேள்விக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. சிறுகுடலின் உட்சுவரில், கண்ணுக்குத் தெரியாத ஒரு புரதத்தில். அந்தப் புரதம் எதை உள்ளே விடும், எந்த விகிதத்தில் விடும் என்று தெரிந்துகொண்டால், யாரும் சொல்லாமலே எந்தப் பானத்தையும் நாமே எடை போட்டுவிடலாம். அதனால் புரதத்திலிருந்தே தொடங்குகிறேன்.

## குடல் நீரை எப்படி இழுக்கிறது?

ஒரு நாளில் நாம் உண்பதிலும் குடிப்பதிலும் சுமார் 2 லிட்டர் நீர் உள்ளே போகிறது. உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணைய நீர், குடலின் சொந்தச் சுரப்பு எல்லாம் சேர்ந்தால் குடலுக்குள் வந்து சேர்வது 8 அல்லது 9 லிட்டர். மலத்தோடு வெளியே போவதோ 200 மில்லிக்கும் குறைவு. மீதி அத்தனையையும் குடல் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

ஆனால் நீரை மட்டும் தனியே இறைக்கும் பம்ப் நம் செல்களில் இல்லை. உப்பும் சர்க்கரையும் செல்லுக்குள் போனால், சவ்வூடு பரவல் மூலம் நீர் அவற்றின் பின்னால் போகும். ஆகவே நீர் உள்ளே போக வேண்டுமானால் முதலில் சோடியம் உள்ளே போக வேண்டும். செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. மின்சுமை கொண்ட சோடியமும், நீரில் கரையும் குளுக்கோஸும் அதைத் தாமாகக் கடக்க முடியாது. கடத்திவிட ஆள் வேண்டும். அந்த வேலையைச் செய்பவைதான் கடத்திப் புரதங்கள்.

இங்கே நமக்கு முக்கியமானது எஸ்ஜிஎல்டி1 என்ற சோடியம்-குளுக்கோஸ் இணைக்கடத்தி. 664 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. சவ்வை 14 முறை குறுக்கே கடந்து மடிந்து நிற்கிறது. அது வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்கலாம். முதலில் புரதத்தின் வாய் குடலின் உட்புறத்தை நோக்கித் திறந்திருக்கிறது. இரண்டு சோடியம் அயனிகள் வந்து அமர்கின்றன. அவை அமர்ந்த பிறகுதான் குளுக்கோஸ் பிடிபடுவதற்கு ஏற்ற வடிவத்தை அந்தக் குழி பெறுகிறது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு வந்து பொருந்தியதும் புரதம் நெளிந்து, குடல் பக்கத்து வாயை மூடிக்கொண்டு செல்லின் பக்கம் வாயைத் திறக்கிறது. மூன்றும் செல்லுக்குள் விழுகின்றன. காலியான புரதம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. சோடியம் இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் வந்தால் இந்த வழியில் போக முடியாது. குளுக்கோஸ் இல்லாமல் சோடியம் மட்டும் வந்தாலும் இந்த வழி பயன்படாது.

நம் ஊரில் மாடு பூட்டிக் கிணற்றில் கவலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மாடுகள் சரிவில் இறங்கும். அந்த இறக்கத்தின் விசையில் கிணற்றிலிருந்து சால் மேலேறும். இங்கே சரிவில் இறங்குவது சோடியம், மேலேறுவது குளுக்கோஸ். செல்லுக்குள் சோடியம் குறைவு, வெளியே அதிகம் என்பதுதான் அந்தச் சரிவு. இறங்கிய மாட்டைப் பின்னோக்கி மேலே ஓட்டிவந்தால்தானே அடுத்த சால்? அந்த வேலையைச் செல்லின் மறுபக்கத்தில் சோடியம்-பொட்டாசியம் பம்ப் செய்கிறது. ஒரு சுற்றுக்கு 3 சோடியத்தை ரத்தப் பக்கம் வெளியேற்றி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது. உடலின் எரிபொருளான ஏடிபி செலவாவது இங்கேதான். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ 1957-இல் இந்த பம்ப்பை அடையாளம் காட்டினார். 40 ஆண்டு கழித்து, 1997-இல், அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

சோடியமும் குளுக்கோஸும் இப்படிச் சேர்ந்துதான் போகின்றன என்ற கருத்தை உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன் 1960-இல் பிராக் நகரில் நடந்த கருத்தரங்கில் முன்வைத்தார். ஆய்வுக்கூடத்துச் செய்தியாக இருந்த அது உயிர்காக்கும் செய்தியாக மாறியதற்குக் காரணம் காலரா. காலரா நஞ்சு குடல் செல்லில் குளோரைடு வெளியேறும் வழியைத் திறந்துவிடுகிறது; குளோரைடின் பின்னால் சோடியமும் நீரும் கொட்டுகின்றன. சாதாரண உப்பை உறிஞ்சும் வழியும் அடைபடுகிறது. ஆனால் எஸ்ஜிஎல்டி1-ஐ அந்த நஞ்சு தொடுவதில்லை. குடல் முழுக்க வெள்ளமாக இருக்கும் நேரத்திலும் இந்த ஒரு வழி திறந்தே இருக்கிறது. டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற மருத்துவர்கள் 1968-இல் காலரா நோயாளிகளிடம் இதை நிரூபித்தார்கள். 1971-இல் வங்கதேச அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலநபிஸ் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் தண்ணீரில் கலந்து பீப்பாய்களில் வைத்து நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அவருடைய கரைசலைக் குடித்தவர்களிடம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

## எதை வைத்து எடை போடுவது?

மேலே சொன்னதிலிருந்தே அளவுகோல்கள் வந்துவிடுகின்றன.

முதலாவது, சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்து வருகின்றனவா? உலக சுகாதார அமைப்பின் ஓஆர்எஸ் கரைசலில் (இழந்த நீரை வாய்வழியே ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைக் கரைசல்; பொட்டலத்தில் வருவது இதுதான்) இரண்டும் லிட்டருக்கு 75 மில்லிமோல், சரிசமம். மில்லிமோல் என்பது எடையை அல்ல, துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அளவு.

இரண்டாவது, கரைசலின் மொத்த அடர்த்தி, அதாவது அதில் கரைந்திருக்கும் எல்லாத் துகள்களின் எண்ணிக்கை; இதை மில்லிஆஸ்மோலில் சொல்வார்கள். ரத்தத்தின் அடர்த்தி லிட்டருக்கு 290 மில்லிஆஸ்மோல் அளவில் இருக்கிறது. அதைவிட அடர்த்தியான பானம் குடலுக்குள் இறங்கினால், நீர் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவதற்குப் பதிலாக ரத்தத்திலிருந்து குடலுக்கு வரும். தாகத்துக்குக் கொடுத்த பானம் பேதியைக் கூட்டுவது இப்படித்தான்.

மூன்றாவது, பேதியோடு போன பொட்டாசியத்தையும் காரத்தன்மையையும் அது ஈடுசெய்கிறதா?

நான்காவது அளவுகோலுக்கு நான் அதிக எடை கொடுக்கிறேன்: கலக்கும்போது பிழை நேர்ந்தால் என்ன ஆகும்? நள்ளிரவில், அழும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மங்கலான விளக்கில் கலக்கும் ஒருவரை மனதில் வைத்துத்தான் எந்த முறையையும் மதிப்பிட வேண்டும்.

ஐந்தாவது, அந்த நேரத்தில் அது கைக்குக் கிடைக்குமா, அதற்காக எவ்வளவு கூலியும் பயணமும் போகும் என்பது.

| பானம் | சோடியம் | குளுக்கோஸ் | பொட்டாசியம் | மொத்த அடர்த்தி | பிழை நேர்ந்தால் |
|---|---|---|---|---|---|
| ஓஆர்எஸ் பொட்டலம் | 75 | 75 | 20 | 245 | தண்ணீர் அளவு தவறினால் ஆபத்து |
| சர்க்கரை-உப்புக் கரைசல் | சுமார் 45–50 | சர்க்கரையில் பாதி | இல்லை | அளவு சரியானால் ரத்தத்தைவிடக் குறைவு | உப்பு கூடினால் ஆபத்து |
| உப்புக் கஞ்சி | போடும் உப்பைப் பொறுத்து | மாவுச்சத்திலிருந்து மெல்லக் கிடைக்கும் | மிகக் குறைவு | குறைவு | உப்பில் கவனம் போதும் |
| இளநீர் | மிகக் குறைவு | உண்டு | ஓஆர்எஸ்ஸைவிட மிக அதிகம் | காய்க்குக் காய் மாறும் | சிறுநீரக நோயாளிக்கு ஆபத்து |
| குளிர்பானம் | ஏறக்குறைய இல்லை | மிக அதிகம் | ஏறக்குறைய இல்லை | ரத்தத்தைப் போல் இரு மடங்கு | பேதி கூடும் |
| டிரிப் | பாட்டிலைப் பொறுத்து | பாட்டிலைப் பொறுத்து | பாட்டிலைப் பொறுத்து | குடலைத் தொடாது | மருத்துவர் பொறுப்பு |

(சோடியம், குளுக்கோஸ், பொட்டாசியம் லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில், அடர்த்தி லிட்டருக்கு மில்லிஆஸ்மோல் கணக்கில்.)

## ஓஆர்எஸ் பொட்டலம்

ஒரு லிட்டர் பொட்டலத்தில் இருப்பவை: சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். முதல் மூன்று அளவுகோல்களிலும் இதற்கு இணை கிடையாது. எஸ்ஜிஎல்டி1-இன் நடத்தையைப் பார்த்தே எழுதிய சூத்திரம் இது.

பழைய சூத்திரத்தில் அடர்த்தி 311 ஆக இருந்தது. 2002-இல் அதை 245-க்குக் குறைத்தார்கள். சர்க்கரையும் உப்பும் குறைந்தால் பலனும் குறையும் என்றுதான் எளிதில் நினைப்போம். நடந்தது வேறு. பிள்ளைகளிடம் மலத்தின் அளவு சுமார் 20 சதவீதமும், வாந்தி சுமார் 30 சதவீதமும், டிரிப் தேவைப்படுவது 33 சதவீதமும் குறைந்தன. கடத்திப் புரதத்துக்கு வேண்டியது சரியான விகிதம். கூடுதலாகக் கொட்டும் சர்க்கரை குடலில் தங்கி நீரைத் தன் பக்கம் இழுக்கத்தான் செய்யும்.

இனி இதன் மறைமுகச் செலவுகளுக்கு வருகிறேன். கடையில் இருவகைப் பொட்டலம் கிடைக்கிறது. ஒன்று ஒரு லிட்டருக்கு, மற்றது 200 மில்லிக்கு. இரண்டின் மேலுறையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் சோடியம் 375 மில்லிமோலுக்குப் போய்விடும். அது கடல்நீரை நெருங்கும் உப்பு. பிள்ளையின் ரத்தத்தில் சோடியம் ஏறி, வலிப்பு வரை கொண்டுபோய்விடக் கூடும். எனவே அளவு எழுதிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில், கொதித்து ஆறிய தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி, அதில் முழுப் பொட்டலத்தையும் கொட்டிக் கலக்குங்கள். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவில் பிரிப்பதும், சொம்பில் குத்துமதிப்பாகக் கலப்பதும் வேண்டாம். கலந்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது. ருசிக்காக மேலும் சர்க்கரை சேர்ப்பது, பாலில் கலப்பது, கலந்தபின் கொதிக்கவைப்பது எல்லாமே சூத்திரத்தைக் கெடுக்கும்.

இரண்டாவது செலவு ஏமாற்றம். ஓஆர்எஸ் பேதியை நிறுத்துவதில்லை. இழந்த நீரை ஈடுகட்டுகிறது. இரண்டு டம்ளர் கொடுத்தும் பிள்ளைக்கு இன்னும் தண்ணீராகப் போகிறதே என்று பல தாய்மார்கள் அந்த இடத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். இது எனக்கு மிகவும் வேதனை தருகிறது. பிள்ளை சிறுநீர் கழிக்கிறதா, வாய் ஈரமாக இருக்கிறதா, கண்ணில் தெளிவு வந்ததா என்று பாருங்கள். மலத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மலம் கட்டுப்படுவதற்குத் துத்தநாகச் சிரப்பு அல்லது மாத்திரை துணைசெய்யும். 6 மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10 மில்லிகிராம் என்று 10 முதல் 14 நாள் வரை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பொட்டலமும் துத்தநாகமும் இலவசமாகவே கிடைக்கும்.

கொடுக்கும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. தாகத்தில் பிள்ளை ஒரே மடக்கில் குடித்தால் இரைப்பை விரிந்து வாந்தி வரும். ஓரிரு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டியாகக் கொடுக்க வேண்டும். வாந்தி வந்தால் 10 நிமிடம் விட்டு, இன்னும் மெதுவாகத் தொடரலாம். ஒவ்வொரு முறை பேதியானதும் 2 வயதுக்குக் கீழே 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி.

பெயரிலும் கவனம் வேண்டும். ஓஆர்எஸ் என்று மேலே போட்டுப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்கள் பல, இந்தச் சூத்திரத்துக்குச் சம்பந்தமே இல்லாதவை. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், உலக சுகாதார அமைப்பின் சூத்திரத்துக்குப் பொருந்தாத பானங்கள் அந்தப் பெயரைத் தாங்கக் கூடாது என்று உத்தரவிட்டது. பெட்டியைப் புரட்டி உள்ளடக்கத்தைப் படிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

## சர்க்கரை-உப்புக் கரைசல்

ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. கடை மூடிய இரவில் இதுவே கைகொடுக்கும்.

வீட்டுச் சர்க்கரை சுக்ரோஸ். குடல் செல்லின் விளிம்பில் உள்ள நொதி அதை ஒரு குளுக்கோஸாகவும் ஒரு ஃபிரக்டோஸாகவும் உடைக்கிறது. குளுக்கோஸ் நம் இணைக்கடத்தி வழியே சோடியத்தோடு போகிறது. ஃபிரக்டோஸுக்கு அங்கே இடமில்லை. அது குளுட்5 என்ற வேறொரு கடத்தி வழியே, சோடியத்தின் துணையில்லாமல், மெதுவாகப் போகிறது. ஆகவே போட்ட சர்க்கரையில் பாதிதான் சோடியத்தை இழுக்கும் வேலைக்கு வருகிறது. மீதிப் பாதி அடர்த்தியை மட்டும் கூட்டுகிறது. சர்க்கரையைத் தாராளமாகப் போடக் கூடாது என்பதற்கு இதுதான் காரணம்.

கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையையோ அச்சு வெல்லத்தையோ போடலாமா என்று ஈரோட்டுப் பக்கத்தில் கேட்பார்கள். போடலாம். அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான். கொஞ்சம் பொட்டாசியமும் கூடவே வரும். ஆனால் ஈரப்பதம் வேறுபடுவதால் கரண்டி அளவு சரியாக நிற்காது. வெள்ளைச் சர்க்கரை இருந்தால் அதுவே மேல்.

உண்மையான ஆபத்து உப்பில். கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் வெவ்வேறு எடை. கலந்ததும் நீங்கள் ஒரு வாய் குடித்துப் பாருங்கள். கண்ணீரைவிடக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்க வேண்டும். பொட்டாசியம் இதில் இல்லை என்பதால் ஓரிரவுக்கு மேல் இதையே நம்பியிருக்க வேண்டாம்.

## உப்புக் கஞ்சி

பெரியவர்கள் சொன்ன கஞ்சிக்கு அறிவியலில் நல்ல இடம் இருக்கிறது. நான் இதைப் பொட்டலத்துக்கு அடுத்த இடத்தில், சர்க்கரைக் கரைசலுக்கு மேலே வைக்கிறேன்.

மாவுச்சத்து என்பது ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கோத்த பெரிய மூலக்கூறு. கரைசலின் அடர்த்தி மூலக்கூறுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எடையைப் பொறுத்தது அல்ல. அதனால் 50 கிராம் அரிசி மாவை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினாலும் அடர்த்தி ஏறுவதில்லை. அதே 50 கிராம் குளுக்கோஸாக இருந்தால் பேதியைக் கூட்டிவிடும். அந்த மாவுச்சத்தைக் கணைய நொதி சிறிதாக்குகிறது, குடல் விளிம்பின் நொதி கடைசியாக உடைக்கிறது. உடைந்த குளுக்கோஸ் இணைக்கடத்தியின் பக்கத்திலேயே விடுபடுகிறது. காலராவில் அரிசிக் கரைசல் குடித்தவர்களுக்கு மலம் கணிசமாகக் குறைந்தது பல ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. மற்ற வகைப் பேதிகளில் அந்தக் கூடுதல் பலன் அவ்வளவு தெளிவாக இல்லை.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் சகாக்களும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதில் இன்னொரு வழியைக் காட்டியது. சிறுகுடலில் செரிக்காத மாவுச்சத்தை ஓஆர்எஸ்ஸோடு சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். அது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள பாக்டீரியாக்களால் குறுங்கொழுப்பு அமிலமாகி, அங்கேயும் சோடியத்தை உறிஞ்சச் செய்தது. பேதி சீக்கிரம் நின்றது.

வீட்டில் செய்ய இரண்டு கைப்பிடி அரிசி மாவு, ஒரு லிட்டருக்குச் சற்றுக் கூடுதலான தண்ணீர், தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு போதும். குடிக்கிற பதத்தில் நீர்க்க இருக்க வேண்டும். கரண்டியில் நிற்கும் கெட்டிக் கஞ்சி சாப்பாட்டுக்கு நல்லது. நீரை ஈடுகட்டும் வேலைக்கு உதவாது. உப்பைப் போட மறந்துவிட்டால் பலன் பெரிதும் குறைந்துவிடும், ஏனென்றால் மாடு இல்லாமல் சால் ஏறாது. கம்மங்கூழும் ராகிக் கூழும் இதே கணக்குதான். நன்றாக நீர்க்கக் கரைக்க வேண்டும்.

இதன் மறைமுகச் செலவு எரிபொருளும் நேரமும். காய்ச்சி ஆற வேண்டும், நம் ஊர் வெயிலில் ஆறேழு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், இல்லாவிட்டால் புளித்துவிடும். 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது வேண்டாம். அவர்களுக்குத் தாய்ப்பாலும் பொட்டலக் கரைசலும்தான்.

## இளநீர்

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை இளநீர் லாரி லாரியாக வெளி மாநிலங்களுக்குப் போகிறது. நமக்கு அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிருமியில்லாமல் மூடிவந்த சுத்தமான நீர் என்பது அதன் பெரிய பலம். குடிநீரையே சந்தேகிக்க வேண்டிய இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

ஆனாலும் சோடியம் மிகக் குறைவு. பொட்டாசியம் மிக அதிகம். தென்னை தன் விதைக்காகச் சேர்த்த நீர் அது. குளுக்கோஸ் இருந்தும் கூடச் செல்ல சோடியம் இல்லாததால், எஸ்ஜிஎல்டி1 குடலின் சொந்தச் சோடியத்தைத்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. பேதியில் வாடிக் கிடக்கும் பிள்ளைக்கு இளநீரை மட்டுமே கொடுத்தால், தாகம் அடங்கும், சோடியக் கடன் அப்படியே நிற்கும்.

எனவே லேசான பேதியிலும், வெயிலில் வாடியவருக்கும், பொட்டலத்துக்கு நடுநடுவே பொட்டாசியத்துக்காகவும் இளநீர் நன்று. பொட்டலத்துக்குப் பதிலாக நன்றல்ல. தைப்பூசத்துக்குப் பழனி நோக்கி நடக்கும் பக்தர்களுக்கு, பேதி இல்லாமல் வியர்வை மட்டும் போயிருந்தால், உப்புப் போட்ட நீர்மோரும் இளநீரும் மாறி மாறிக் கொடுக்கலாம். அந்த இணை நன்றாகவே வேலை செய்யும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரை மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தேக்கும். அவற்றைச் சாப்பிடுகிறவர்களும் அப்படியே.

## குளிர்பானமும் குளுக்கோஸ் பொடியும்

இவை இரண்டையும் ஒதுக்கிவிடலாம். குளிர்பானத்தில் லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரை வரை இருக்கும், ஓஆர்எஸ்ஸில் 13.5. வெறும் குளுக்கோஸ் பொடியில் சோடியம் கிடையாது. இரண்டுமே பேதியில் நீரைக் குடலுக்குள் இழுக்கும்.

## டிரிப்

டிரிப் குடலைத் தாண்டி நேராக ரத்தக் குழாய்க்குப் போகிறது. கடத்திப் புரதத்தின் தயவு அதற்கு வேண்டாம். அதனால்தான் குடல் வழியே கொடுக்கவே முடியாத நிலையில் அது உயிரைக் காப்பாற்றுகிறது.

அந்த நிலைகளைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை துவண்டு, கூப்பிட்டால் கண் திறக்காமல் கிடப்பது, குடிக்கவே முடியாமல் இருப்பது, கண்கள் குழிவிழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மிக மெதுவாகத் திரும்புவது, கொடுப்பதையெல்லாம் வாந்தியெடுப்பது, பல மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வயிறு உப்பி இறுகுவது. இவற்றில் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஏறுங்கள். வழியிலும், பிள்ளை விழுங்கினால், கரண்டியில் கொடுத்துக்கொண்டே போங்கள். மலத்தில் ரத்தம் இருந்தால் நீர்க்குறைவு இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்த நிலைகள் இல்லாதபோது டிரிப் கேட்டு வாங்குவதில் இருக்கும் இழப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. “குளுக்கோஸ் ஏற்றுவது” என்று நாம் சொல்லும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் அரை லிட்டர் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை; 100 கலோரிகூடக் கிடையாது. சோடியம் அறவே இல்லை. பேதியில் சோடியம் இழந்தவருக்கு அதை மட்டும் ஏற்றினால் ரத்தத்துச் சோடியம் இன்னும் நீர்த்துப்போகும். நீர்க்குறைவு கடுமையாக இருக்கும்போது மருத்துவர்கள் தேர்ந்தெடுப்பது ரிங்கர் லாக்டேட் போன்ற உப்புள்ள திரவம். ஒரு நாள் கூலி, பஸ், படுக்கைக் கட்டணம், ஊசி போட்ட இடத்தில் வீக்கம், இதயம் பலவீனமான முதியவருக்கு நுரையீரலில் நீர் கோக்கும் அபாயம் ஆகியவை தனி. பாட்டில் ஏறுகிறதே என்று வாய்வழி கொடுப்பதை நிறுத்திவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய நட்டம். டிரிப் கழற்றிய அடுத்த மணி நேரத்திலேயே பேதி பழைய கடனைத் திரும்பக் கேட்கும்.

## எந்த நேரத்தில் எது?

பொட்டலம் கைக்குக் கிடைத்தால் வேறு யோசனையே வேண்டாம். திருப்பூரிலும் பல்லடத்திலும் லைன் வீடுகளில் இருப்பவர்கள், இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள், ஒரு லிட்டருக்கான பொட்டலம் இரண்டும் ஒரு அளவு பாட்டிலும் அலமாரியில் எப்போதும் வைத்திருங்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மாயிக்கோ பக்கத்து வீட்டு அக்காவுக்கோ கலக்கும் முறையை ஒருமுறை செய்து காட்டிவிடுங்கள்.

பொட்டலம் இல்லை, அடுப்பு இருக்கிறது, பிள்ளைக்கு 6 மாதம் தாண்டிவிட்டது என்றால் உப்புக் கஞ்சி. அடுப்பு மூட்டும் நிலையும் இல்லாவிட்டால் சர்க்கரை-உப்பு, விடிந்ததும் பொட்டலம். தண்ணீரே சந்தேகமாக இருக்கும் தோட்டத்துச் சாளையில், காய்ச்சும் வரை இளநீரில் தொடங்கலாம். எதைக் கொடுத்தாலும் தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தக் கூடாது. “வயிற்றுக்கு ஓய்வு” என்று பட்டினி போடும் பழக்கம் குடலின் செல்களைத்தான் பட்டினி போடுகிறது. குடற்சுவரில் விரல் போல நீட்டி நின்று உறிஞ்சும் விரலிகள் திரும்ப வளர உணவு வேண்டும்.

## சர்க்கரை நோயாளிகளுக்கு

ஓஆர்எஸ்ஸில் குளுக்கோஸ் இருக்கிறதே என்று சர்க்கரை நோயாளிகள் தயங்குகிறார்கள். லிட்டருக்கு 13.5 கிராம்தான், அதுவும் சோடியத்தை உள்ளே கொண்டுபோகவே இருக்கிறது. பேதியில் அதைத் தவிர்ப்பதுதான் ஆபத்து. குடித்துக்கொண்டே சர்க்கரை அளவைப் பார்த்துவாருங்கள்.

இவர்களில் ஒரு சாரார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். நம் இணைக்கடத்திக்கு எஸ்ஜிஎல்டி2 என்று ஓர் உறவுப் புரதம் சிறுநீரகத்தில் இருக்கிறது. சிறுநீரில் இறங்கிய குளுக்கோஸைத் திரும்ப ரத்தத்துக்கு எடுத்துவருவது அதன் வேலை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் அதைத் தடுக்கின்றன. குளுக்கோஸ் சிறுநீரோடு வெளியேறும், கூடவே நீரும் உப்பும் போகும். சாதாரண நாளில் இது நல்ல மருந்து. பேதியும் வாந்தியுமான நாளில் இரு பக்கமும் நீர் போய், ரத்தத்தில் சர்க்கரை ஏறாமலே அமிலம் ஏறும் அபாயமும் உண்டு. அந்த நாட்களில் மாத்திரையை நிறுத்திவைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் முதல் நாளே போனில் கேட்டுவிடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.